படிக்கட்டில் எடுத்த படம்

1994இல் எடுத்த படம் இது. சென்னையில் ஒரு பதிவு அலுவலகத்தின் வாசற்படி. நடுவில் மாப்பிள்ளை, வியாசர்பாடிக்காரர், நம்ம ஆள், கிறித்துவர். பக்கத்தில் பெண், தென்மாவட்டம் ஒன்றில் ஊர்த்தெருவில் பிறந்தவர், இந்து. ரெண்டு பேர் கழுத்திலும் சம்பங்கி மாலை. பின்படியில் மூன்று சாட்சிகள். ஓரத்தில் பத்திரம் எழுதுகிறவரின் டைப்ரைட்டர் பாதி விழுந்திருக்கிறது. கீழ்மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தேதி. எடுத்தவன் நான்.

அழகுக்காக எடுத்த படமில்லை. போலீஸ் ஸ்டேஷனில் காட்டுவதற்காக எடுத்தது. சாதி மீறிக் கல்யாணம் செய்துகொள்ளும் நம் பிள்ளைகளுக்குக் கல்யாண போட்டோ முதலில் ஒரு சாட்சியம். நினைவுப் பொருளாவது அதற்கப்புறம், உயிரோடு இருந்தால். இது எப்படி இப்படி ஆயிற்று என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஐயரும் பாதிரியும் இல்லாமல் சர்க்கார் முன்னால் கல்யாணம் செய்துகொள்ள வெள்ளைக்காரன் 1872இல் ஒரு சட்டம் போட்டான். கேட்டவர்கள் வங்காளத்துப் பிரம்ம சமாஜத்தார், கேசவ சந்திர சென் தலைமையில். சேரியை மனசில் வைத்து வந்த சட்டமில்லை அது. அதில் ஒரு கொக்கியும் இருந்தது. மணமக்கள் இருவரும் நாங்கள் இந்து இல்லை, முஸ்லிம் இல்லை, கிறித்துவர் இல்லை என்று வரிசையாக எல்லா மதத்தையும் மறுத்து எழுதிக் கொடுக்க வேண்டும். 1923இல் ஹரிசிங் கௌர் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகுதான் இந்து, பௌத்தர், சீக்கியர், சமணர் ஆகியோர் மதத்தை மறுக்காமலே பதிவு மணம் செய்துகொள்ள முடிந்தது.

1948 ஏப்ரல் 15இல் தில்லியில் தன் வீட்டில் வைத்து அம்பேத்கர் மருத்துவர் சாரதா கபீரைத் திருமணம் செய்துகொண்டது இந்தச் சட்டத்தின் கீழ்தான். அவர் அப்போது நாட்டின் சட்ட அமைச்சர். மணப்பெண் சாரஸ்வதப் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். கீழ்ச்சாதி ஆணும் மேல்சாதிப் பெண்ணும் சேருவதைச் சாஸ்திரம் பிரதிலோமம் என்றது. இந்துச் சடங்குப்படி நடந்த அப்படிப்பட்ட திருமணத்தை அன்றைய நீதிமன்றங்களும் செல்லாது என்றுதான் சொல்லிவந்தன. இந்துக்களுக்குள் எந்தச் சாதியும் எந்தச் சாதியையும் மணக்கலாம் என்று சட்டம் வந்தது 1949இல். ஆக, சாதியொழிய ஒரே மருந்து கலப்பு மணம் என்று 1936இலேயே எழுதிவைத்தவருக்கு, சட்ட அமைச்சராக இருந்தும், பதிவு மணத்தை விட்டால் வேறு வழி கிடையாது. அந்தத் தம்பதியின் படம் இருக்கிறது. ஆனால் நம் தெருக்களில் நான் பார்த்த வீடுகளில் அது தொங்கியதில்லை. கோட்டுப் போட்ட பாபாசாகேப் தனியாகத்தான் தொங்குகிறார். ஏன் என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். அது வேறொரு கட்டுரை.

1954இல் சுதந்திர இந்தியா புதிய சிறப்புத் திருமணச் சட்டம் செய்தது. யாரும் எந்த மதத்தவரையும் மணக்கலாம். நல்லது. ஆனால் வெள்ளைக்காரன் சட்டத்தில் அறிவிப்புக் கொடுத்து 14 நாள் காத்திருந்தால் போதும். நம் சர்க்கார் அதை 30 நாளாக்கியது. அறிவிப்பை அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டும். யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை எழுதலாம். இதைவிட மோசம் இன்னொன்று. மணமக்களில் ஒருவருக்கு நிரந்தர விலாசம் வேறு மாவட்டமாக இருந்தால், அந்த மாவட்டத்துக்கும் நகல் போகும், அங்கேயும் ஒட்டப்படும். ஓடிவந்த பெண்ணின் பெயரை அவள் ஊருக்கே அனுப்பி ஒட்டுகிற சட்டத்தை என்னவென்று சொல்ல?

பதிவாபீஸ் கல்யாணத்துக்குத் திட்டம் போடுகிறவன் முதலில் போட வேண்டிய திட்டம் இதுதான். மண்டபம், சமையல், மேளம் எதுவும் கிடையாது. விலாசம்தான் எல்லாம். நான் சொன்ன பெண் வேலைபார்க்கும் மகளிர் விடுதியில் இரண்டு வருஷமாக இருந்தார். ரேஷன் கார்டு ஊரில். விடுதிச் சான்றும் கம்பெனிச் சான்றும் வாங்கி, சென்னைதான் நிரந்தரம் என்று காட்ட வக்கீல் பட்ட பாடு கொஞ்சமில்லை. "பேர ஒட்டுனா ஒட்டட்டும் சார், எங்க ஊருக்கு மட்டும் காயிதம் போகக் கூடாது" என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் நாள் குறிப்பது. நாங்கள் ஆடி மாசத்தில் வைத்தோம், அதிலும் ராகுகாலத்தில். பகுத்தறிவுக்காக மட்டும் என்று சொன்னால் பொய். முகூர்த்த நாளில் பதிவு அலுவலகம் திருவிழா மாதிரி இருக்கும். நிலம் வாங்குகிறவன், வீடு விற்கிறவன், அடமானம் வைக்கிறவன் என்று கூட்டம். அதற்கு நடுவே மாலையோடு நிற்கிற ஜோடியை எல்லாரும் திரும்பிப் பார்ப்பான். யார் யாருடைய சொந்தக்காரன் என்று யாருக்குத் தெரியும்? ஆடியில், அதுவும் ராகுகாலத்தில், சாதிக்காரன் எவனும் பத்திரம் முடிக்க வரமாட்டான். அவன் மூடநம்பிக்கை நமக்குப் பாதுகாப்பு.

அப்படியும் காத்திருந்தது மூன்று மணி நேரம். உள்ளே வேலை ஐந்து நிமிஷம்கூட இல்லை. அதிகாரி முன்னால், மூன்று சாட்சிகள் காதில் விழும்படி, இன்னாரை என் மனைவியாக, கணவனாக ஏற்கிறேன் என்று இருவரும் சொல்ல வேண்டும். பிறகு ஐந்து பேரும் கையெழுத்து. உள்ளே படமெடுக்கலாமா கூடாதா என்பது அங்கே உட்கார்ந்திருப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. அன்றைக்கு இரண்டு படம்தான் என்றார். ஒன்று பெண் கையெழுத்துப் போடுகிறபோது, பதிவேடும் முகமும் ஒரே சட்டத்துக்குள் வருகிற மாதிரி. இன்னொன்று சுவரிலிருந்த தினக்காலண்டரும் அதிகாரியின் மேசையும் சேர்ந்து தெரிகிற மாதிரி. கேமராவே தேதி போடும், ஆனாலும் கேமராத் தேதியை மாற்றலாம் என்று கோர்ட்டில் கேட்பார்களாம். காலண்டர் வக்கீல் சொன்ன யோசனை.

படிக்கட்டுக்கு வந்ததும் வக்கீல் என் காதில் சொன்னார்: "பொண்ணு மூஞ்சி பயந்த மாதிரி விழக் கூடாது. கடத்தல்னு கேஸ் குடுப்பாங்க." நான் "சிரிம்மா" என்றேன். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தார், அம்மாவை நினைத்து. சிரிக்க வைக்க ஒன்பது படம் ஆயிற்று. 36 படம் உள்ள ரோலில் ஒன்பது! பத்தாவதில் மாப்பிள்ளையின் செருப்புவார் அறுந்து அவர் தடுமாற, பெண் தன்னை மறந்து சிரித்தார். அதுதான் இந்தப் படம்.

தொழில் ரகசியம் ஒன்று. ஃப்ளாஷ் அடித்தால் பெண்ணின் முகம் துலங்கும், பையனின் முகம் இருட்டில் போகும். ஸ்டூடியோக்காரன் பிரிண்ட் போடும்போது பையனை வெளுப்பாக்கித் தருவான். நம் ஆட்களே "கொஞ்சம் கலரா போடுண்ணே" என்பார்கள். நான் பையனை வெளிச்சத்துப் பக்கம் நிறுத்தினேன். அவர் கறுப்பு கறுப்பாகவே, தெளிவாக இருக்கிறது. மூன்று பிரிண்ட் போட்டோம்: வக்கீலுக்கு ஒன்று, காவல் நிலைய மனுவோடு ஒன்று, அவர்களுக்கு ஒன்று. நெகட்டிவ் என் வீட்டில், பிஸ்கட் டப்பாவில்.

இருவருமே இந்துவாக இருந்தால் இந்த 30 நாள் தொல்லை வேண்டாம். 1928இல் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்ததிலிருந்து தொடங்கிய சுயமரியாதைத் திருமணத்தை 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறிய திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து அதைச் செல்லுபடியாக்கியது. உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். அதனால் உயர் நீதிமன்றத்தைச் சுற்றியிருந்த வக்கீல் அறைகள் எத்தனையோ ஜோடிகளுக்குக் கல்யாண மண்டபமாயின. 2014இல் அதே நீதிமன்றம் வக்கீல் அறைக் கல்யாணம் செல்லாது என்றது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. ஆனால் இந்தக் கதவு கிறித்துவச் சேரிப் பையனுக்குத் திறக்காது. அவன் மதம் மாற வேண்டும், இல்லையென்றால் பெயரை ஒட்டிவிட்டு முப்பது நாள் ஒளிய வேண்டும். இந்து என்றால் சாதிச் சான்று, கிறித்துவன் என்றால் சான்றும் இல்லை, கல்யாணமும் கஷ்டம்.

அறிவிப்பு ஒட்டுவதன் ஆபத்தை மெதுவாகத்தான் சிலர் உணர்ந்திருக்கிறார்கள். கேரளத்தில் அறிவிப்புகளை இணையத்தில் போட்டதை மதவெறிக் கும்பல்கள் படமெடுத்துப் பரப்ப, 2020இல் அதை நிறுத்தினார்கள். 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், மணமக்கள் விரும்பினால் மட்டும் அறிவிப்பை ஒட்டினால் போதும் என்றது. தமிழ்நாட்டுக்கு அந்தத் தீர்ப்பு கட்டாயமில்லை.

பதிவு செய்தால் பிழைத்தோம் என்று நினைக்கிற தோழர்களுக்கு ஒன்று. புதுக்கூரைப்பேட்டை முருகேசனும் கண்ணகியும் 2003 மே 5இல் கடலூரில் பதிவு செய்துகொண்டார்கள். அவர் நம்மவர், பொறியியல் படித்தவர். அந்தப் பெண் வன்னியர். காகிதம் கையில் இருந்தது. ஜூலை 8இல் இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். 13 பேர் குற்றவாளிகள் என்று கடலூர் நீதிமன்றம் சொன்னது 2021இல், பதினெட்டு வருஷம். காகிதம் கொலையைத் தடுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் யாரோடு போனாள், யார் மனைவி என்பதை மாற்றிச் சொல்ல முடியாதபடி செய்தது.

என் படத்திலிருக்கும் இருவரும் நன்றாக இருக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவர்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. சான்றிதழும் பிரிண்டும் பீரோவோடு ஊறிக் கூழாயின. போன மாசம் மகளோடு வந்தார்கள். டப்பாவைத் திறந்து நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மகள் பார்த்துவிட்டு, பின்படியில் மூன்றாவதாக நிற்கிறவர் யார் என்று கேட்டாள். அவள் அம்மாவுக்குத் தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை.

எனக்கு ஞாபகம் இருந்தது, பெயர் மட்டும் இல்லை. வருவதாகச் சொன்ன நண்பர் கடைசி நேரத்தில் பயந்து வராமல் போனதும், வக்கீல் ஓடிப்போய் எதிர் டீக்கடையிலிருந்து கூட்டிவந்த ஆள். கையைத் துண்டில் துடைத்துவிட்டு, "எங்கண்ணே போடணும்?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார். மாலையை அவருக்கும் போட மாப்பிள்ளை நீட்டியபோது வேண்டாமென்று விலகினார். கடை இப்போது இல்லை. பெயரும் விலாசமும் பதிவேட்டில் இருக்கும். நகல் கேட்டு மனுப் போட்டிருக்கிறோம்.