கொல்லிமலை எரிமலையா?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் அங்குள்ள கரிய பாறைகளைக் கண்டு, "இம்மலை முற்காலத்தில் எரிமலையாக இருந்ததா?" என்று கேட்பதுண்டு. விடையை மலையிலேயே காணலாம். அதற்கேற்ப ஒரு நாள் பயணத்தை அமைத்துக்கொள்வோம்.

காலையில் காரவள்ளியிலிருந்து மலையேறுவோம். சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஓரத்தில் புதிதாக உடைந்த பாறை தென்பட்டால் உற்றுநோக்குங்கள். கருஞ்சாம்பல் நிறம், எண்ணெய் பூசினாற்போன்ற மினுமினுப்பு, வெறுங்கண்ணுக்கே புலப்படும் படிகங்கள். இதுவே சார்னோக்கைட்.

இந்தியாவில் உயிருள்ள எரிமலை அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு ஆகும். அது 1787-இல் குமுறியதற்குக் குறிப்பு உண்டு. நெடுங்காலம் அடங்கியிருந்து 1991-இல் மீண்டும் குமுறியது. வெளியே வழியும் எரிமலைக் குழம்பு விரைவாகக் குளிர்வதால் படிகங்கள் பெரிதாக வளர்வதில்லை. வாயு வெளியேறிய துளைகளும் அப்பாறையில் காணப்படும். கொல்லிமலைப் பாறையில் அவ்வகைத் துளைகள் இல்லை.

இப்பகுதிகளின் நிலவியலை ஆராய்ந்து கிங், புரூஸ் ஃபூட் ஆகியோர் 1864-இல் நூல் வெளியிட்டனர். இவ்வகைப் பாறைக்குப் பெயரிட்டவர் தாமஸ் ஹாலண்ட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கல் சென்னைப் பகுதிப் பாறையை ஒத்திருப்பதைக் கண்டு, 1893-இல் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். இது உருகிய குழம்பிலிருந்து பிறந்த தீப்பாறை என்பது ஹாலண்டின் கருத்து. பழைய பாறைகளே கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி இவ்வாறு ஆயின என்று பின்வந்தோர் வாதிட்டனர். இரு வகையிலும் சார்னோக்கைட் உருவாகலாம் என்பது இன்றைய முடிவு. எவ்வாறாயினும் அது பிறந்த இடம் நிலத்தின் ஆழமே.

எவ்வளவு ஆழம்? 25 கிலோமீட்டர் எனக் கொள்வோம். பாறையின் அடர்த்தி நீரைப்போல் 2.8 மடங்கு. கணக்கிட்டால், அங்குள்ள அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 7,000 மடங்கு! சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இத்தகைய சூழலில் உருவான பாறைமீதுதான் நம் பேருந்து ஏறுகிறது. நிலம் உயர, மேலிருந்த பாறைகள் அரித்துச் செல்லப்பட, ஆழத்தில் இருந்தது வெளிப்பட்டது.

அரிப்பு இன்றும் தொடர்கிறது. நண்பகலில் செம்மேடு சென்றால் செம்மண்ணைக் காணலாம். மழைநீர் பாறையின் சிலிக்காவைக் கரைத்து வெளியேற்ற, இரும்பும் அலுமினியமும் எஞ்சுகின்றன. மலையுச்சிகளில் பாக்சைட் படிந்தது இவ்வாறே.

பிற்பகலில் அறப்பளீசுவரர் கோயிலருகே ஆகாயகங்கையைக் காண்போம். ஐயாறு அங்கே சுமார் 300 அடி வீழ்கிறது. இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள்; எனவே திரும்பி ஏறவும் போதிய நேரம் ஒதுக்குங்கள். மழைக்காலத்தில் கலங்கி ஓடும் அந்நீரில் மலையின் துகள்கள் சமவெளி நோக்கிச் செல்கின்றன. எரிமலை தன் குழம்பைக் குவித்து உயர்கிறது. கொல்லிமலையோ தன்மீது இருந்ததை இழந்து வெளிப்பட்டது. மாணவரின் கேள்விக்கு இதுவே விடை.