திருமுழுக்கு பெறாத குழந்தைகள்: லிம்போ என்ற கருத்தின் எழுச்சியும் தேய்வும்

1486-ஆம் ஆண்டு கொன்ஸ்டான்ஸ் மறைமாவட்ட ஆயர் ஓட்டோ ஃபொன் சொன்னன்பெர்க் உரோமைக்கு ஒரு புகார் அனுப்பினார். சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகர ஆட்சிக்கு உட்பட்ட ஓபர்ப்யூரனில் ஒரு மாதா கோவில் இருந்தது. இறந்து பிறந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் அங்கே வந்தவண்ணம் இருந்தார்கள். கோவிலில் இருந்த பெண்கள் அந்தச் சிறு உடல்களை எரியும் கரிக்கும் விளக்குகளுக்கும் நடுவே கிடத்திச் சூடேற்றினார்கள். பிறகு உதட்டின்மேல் ஓர் இறகை வைத்தார்கள். இறகு அசைந்தால் உயிர் வந்துவிட்டது என்று கொண்டு, அந்தக் கணத்திலேயே திருமுழுக்கு கொடுத்துப் புனித மண்ணில் அடக்கம் செய்தார்கள். இப்படிக் கொண்டுவரப்பட்ட குழந்தைகள் இரண்டாயிரத்துக்கும் மேல் என்று ஆயர் எழுதினார். இது மூடநம்பிக்கை, நிறுத்த வேண்டும் என்பது அவர் கோரிக்கை.

பெர்ன் நகரம் 1528-இல் சீர்திருத்தச் சபையின் பக்கம் சாய்ந்தது. அதன்பின் அந்தக் கோவில் இடிக்கப்பட்டது. 1990-களில் தொல்லியலாளர்கள் அந்த இடத்தைத் தோண்டியபோது ஏறத்தாழ 250 பச்சிளங்குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. பல குறைமாதக் குழந்தைகளுடையவை.

ஒரு தகப்பன் செத்த பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு பல நாள் நடைதூரம் வந்தது எதற்காக? திருமுழுக்கு இல்லாமல் இறந்த குழந்தை இறைவனைக் காணாது என்று அவனுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் அதற்கு இடமும் கிடையாது. அந்தக் குழந்தைகள் போய்ச் சேரும் இடம் என்று இடைக்காலம் சொன்ன பெயர்தான் லிம்போ. மோட்சமும் இல்லை, வேதனை நிறைந்த நரகமும் இல்லை. பாவம் கழிந்ததும் ஆன்மா வெளியேறிவிடும் உத்தரிக்கிற ஸ்தலமும் இல்லை. கொடுமையான கருத்து என்று இன்றைய வாசகருக்குத் தோன்றும். ஆனால் அது எழுந்த காலத்தில், அதைவிடக் கொடிய ஒன்றைத் தணிக்க வந்த கருத்து அது. இதைப் புரிந்துகொள்ளாமல் லிம்போவின் வரலாற்றைச் சரியாக எழுத முடியாது.

தொடக்ககாலத் திருச்சபையில் இந்தக் கேள்வி இவ்வளவு இறுகியிருக்கவில்லை. கி.பி. 200 வாக்கில் கார்த்தேஜில் எழுதிய தெர்த்துல்லியன், சிறு குழந்தைகளுக்கு அவசரப்பட்டுத் திருமுழுக்கு கொடுக்க வேண்டாம், வளர்ந்து விவரம் தெரிந்தபின் வரட்டும் என்றே அறிவுரை சொன்னார். கிழக்கே நசியான்சு நகர கிரகோரியார் 381-இல் ஆற்றிய திருமுழுக்கு உரையில், தம் குற்றமின்றித் திருமுழுக்கை இழந்த குழந்தைகள் மகிமையும் பெறமாட்டார்கள், தண்டனையும் பெறமாட்டார்கள் என்று கருதினார். நீசா நகர கிரகோரியார் பிஞ்சிலேயே இறக்கும் குழந்தைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதில் தண்டனை என்ற பேச்சுக்கே அவர் இடம் தரவில்லை.

இறுக்கம் மேற்கிலிருந்து, அகுஸ்தீனாரிடமிருந்து வந்தது. அவரும் தொடக்கத்தில் அப்படி நினைத்தவர் அல்லர். மனிதனின் சுதந்திரத் தெரிவு பற்றி இளமையில் எழுதிய நூலில், நற்பலனுக்கும் தண்டனைக்கும் இடைப்பட்ட ஒரு நிலை இந்தக் குழந்தைகளுக்கு இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டிருந்தார். பிறகு பெலாஜியுஸ் என்ற துறவியோடு வாதம் மூண்டது. ஆதாமின் பாவம் பிள்ளைகளுக்கு மரபாக இறங்குவதில்லை என்பது பெலாஜியுஸ் தரப்பின் நிலை. அப்படியானால் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு எதற்கு என்று கேட்டார் அகுஸ்தீனார். நீராலும் ஆவியாலும் பிறவாதவர் இறையாட்சிக்குள் நுழைய முடியாது என்ற யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரம் அவர் கையில் இருந்த ஆயுதம். விண்ணரசுக்கு வெளியே ஆனால் நரகத்துக்கும் வெளியே ‘நித்திய வாழ்வு’ என்று நடுவே ஓர் இடம் உண்டு என்று பெலாஜியர் சொன்னபோது, 413-இல் கார்த்தேஜில் ஆற்றிய மறையுரையில் அதை அடியோடு மறுத்தார். இறுதித் தீர்ப்பில் வலப்பக்கம், இடப்பக்கம் தவிர மூன்றாவது பக்கம் இல்லை என்பதே அவர் வாதம். திருமுழுக்கின்றி இறந்த குழந்தை ஆதாமிடமிருந்து வந்த சென்மப்பாவத்தோடு போகிறது. ஆகவே நரகத்துக்கே போகிறது. ஆனால் அங்கே அதற்குக் கிடைப்பது எல்லாவற்றிலும் மிக மென்மையான தண்டனை என்றார். 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆப்பிரிக்க ஆயர்கள் சங்கம் அந்த நடு இடத்தைக் கண்டித்து விதி எழுதியதாகச் சில கையெழுத்துப் படிகள் காட்டுகின்றன. வேறு படிகளில் அந்த விதி இல்லை.

இந்த முடிவு அகுஸ்தீனாரையே வாட்டியது என்பதை மறக்கக் கூடாது. 415-இல் எரோணிமுசுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், குழந்தைகளின் தண்டனை என்ற கேள்விக்கு வரும்போது தாம் பெரும் இக்கட்டில் மாட்டிக்கொள்வதாகவும் விடை தெரியாமல் தவிப்பதாகவும் அவர் எழுதினார். சென்மப்பாவக் கோட்பாட்டைக் காக்க அவர் கொடுத்த விலை அது. அந்த விலையை அடுத்த எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக மேலைத் திருச்சபை சுமந்தது.

பாரம் இறங்கத் தொடங்கியது பன்னிரண்டாம் நூற்றாண்டில். பாரிஸில் பாடம் நடத்திய பேதுரு அபெலார், அகுஸ்தீனார் சொன்ன ‘மிக மென்மையான தண்டனை’ என்பது இறைவனைக் காணும் பேறு இல்லாமை மட்டுமே, தீயோ வாதையோ அல்ல என்று விளக்கினார். அபெலாரின் பல கருத்துகளைத் திருச்சபை கண்டித்தது. இந்த ஒன்று மட்டும் நிலைத்தது. பேதுரு லொம்பார்டு தம் பாடநூலில் இதை ஏற்றார். 1201-இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் ஆர்ல் நகரப் பேராயருக்கு எழுதிய கடிதத்தில், சென்மப்பாவத்துக்குத் தண்டனை இறைக்காட்சியை இழப்பது, ஒருவர் தாமே செய்யும் கர்மப்பாவத்துக்குத் தண்டனை நரகத்தின் வேதனை என்று பிரித்தார். பிள்ளை தானாகச் செய்த குற்றம் எதுவும் இல்லை. ஆகவே அதற்கு வேதனையும் இல்லை. அகுஸ்தீனாரை மறுக்காமலே அகுஸ்தீனாரைக் கடந்துபோன வழி இது.

தோமா அக்குவினாஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். இழந்ததை அறிந்தால்தானே துக்கம்? இறைக்காட்சி என்பது இயற்கை அறிவுக்கு எட்டாத, விசுவாசத்தால் மட்டுமே தெரிய வருவது. அந்தக் குழந்தைகளுக்கு அது இருப்பதே தெரியாது. எனவே அவர்களுக்குத் துக்கமும் இல்லை, தங்கள் இயல்புக்கு ஏற்ற மகிழ்ச்சி அவர்களுக்கு உண்டு என்றார். அறிவுக்கூர்மையும் மனக்கனிவும் ஒருசேர அமைந்த விடை இது. பழைய கடுமையை மீட்க முயன்ற பதினான்காம் நூற்றாண்டின் ரிமினி கிரகோரியாருக்கு, ‘குழந்தைகளை வதைப்பவர்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அறிஞர் உலகம் எந்தப் பக்கம் நின்றது என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. தாந்தே தம் காவியத்தின் நரகப் பகுதியில், முதல் வட்டமான லிம்போவில் குழந்தைகளோடு ஹோமரையும் அரிஸ்டாட்டிலையும் சேர்த்து வைத்தார். அங்கே அலறல் இல்லை, பெருமூச்சு மட்டுமே. இறையியலார் சொன்ன லிம்போவின் குழந்தைகளுக்கு அந்தப் பெருமூச்சுகூடக் கிடையாது.

ஆனால் ஏட்டில் இருந்த கனிவு கல்லறைக்கு வந்து சேரவில்லை. 1439-இல் ஃபிளாரன்ஸ் பொதுச்சங்கம், சென்மப்பாவத்தோடு மட்டும் இறப்பவர்களும் நரகத்தில் இறங்குகிறார்கள், தண்டனை மட்டும் வேறுபடும் என்று அறிவித்தது. திருமுழுக்கு பெறாதவர்களுக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கு கிடையாது என்ற விதி 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1239-ஆம் பிரிவு வரை நீடித்தது. வேதனையில்லாத இடத்தில் பிள்ளை இருக்கிறது என்று தோமா அக்குவினாஸின் வழிவந்தவர்கள் விளக்கினார்கள். தாய் கண்டதோ வேலிக்கு வெளியே ஒரு குழியை.

அயர்லாந்தில் அந்தக் குழிகளுக்குக் ‘கில்லீன்’ என்று பெயர். கைவிடப்பட்ட பழைய கோவில் இடிபாடுகள், மண்மேடுகள், கடலோரம், இரண்டு ஊர்களின் எல்லை என்று யாருக்கும் சொந்தமில்லாத இடங்களில் அவை இருக்கின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை பதிவாகியுள்ளன. கால்வே, கெரி மாவட்டங்களில் மிகுதி. பெரும்பாலும் தகப்பனோ உறவினரோ பொழுது சாய்ந்தபின் உடலைக் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். குரு வருவதில்லை, மணி ஒலிப்பதில்லை, பெயர் எழுதுவதில்லை. தலைமாட்டில் ஒரு கல், சில இடங்களில் வெள்ளைப் படிகக் கற்கள். தற்கொலை செய்துகொண்டவர்கள், கரையொதுங்கிய அடையாளம் தெரியாத உடல்கள் ஆகியவையும் அங்கேதான். இது இடைக்காலத்தின் எச்சம் மட்டும் என்று எண்ணிவிட முடியாது. பல கில்லீன்கள் பதினேழாம் நூற்றாண்டுக்குப் பின் எழுந்தவை, சில இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பயன்பட்டவை. இறந்த தன் குழந்தையை எங்கே வைத்தார்கள் என்று கேட்கக்கூட முடியாமல் வாழ்ந்த தாய்மார்களின் நினைவுகளை அந்நாட்டு ஆய்வாளர்கள் பின்னர் பதிவுசெய்தார்கள்.

இந்த அச்சம் மருத்துவத்தையும் தொட்டது. பேறுகாலம் பார்க்கும் பெண்களுக்கு அவசரத் திருமுழுக்கின் வாய்பாடு கற்றுக்கொடுக்கப்பட்டது. ஆபத்துவேளையில் யாரும் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் விதி. 1733-இல் பாரிஸின் சொர்போன் இறையியலாரிடம், பிறக்க வழியின்றிக் கருப்பையில் சிக்கிய குழந்தைக்குச் சிறு குழாய் வழியாகத் தண்ணீர் செலுத்தித் திருமுழுக்கு கொடுக்கலாமா என்று கேட்கப்பட்டது. சிசிலியின் குரு பிரான்செஸ்கோ கான்ஜமீலா 1745-இல் வெளியிட்ட கருவியல் நூல், கர்ப்பிணி இறந்தால் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்துத் திருமுழுக்கு கொடுக்க வேண்டும், அறுவை செய்பவர் இல்லையென்றால் பங்குக்குருவே அதைச் செய்ய வேண்டும் என்று வலியுறுத்தியது. அந்த நூல் பல மொழிகளில் பரவியது.

மறைபரப்புக்கும் இதுவே உந்துதல். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஊர் ஊராகப் போய் முதலில் தேடியது பிறந்த குழந்தைகளை. திருமுழுக்கு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதினார். தம் துணைவர் பிரான்சிஸ் மன்சிலாசுக்கு அனுப்பிய கடிதங்களில், எந்த வேலையை விட்டாலும் பிறந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்கு கொடுப்பதை விடக் கூடாது என்று மீண்டும் மீண்டும் சொன்னார். ஊர்தோறும் அவர் நியமித்த கணக்கப்பிள்ளைகளுக்கும் அந்தப் பொறுப்பு இருந்தது. கடற்கரைப் பரதவர் ஊர்களின் அன்றைய குழந்தை இறப்பை எண்ணிப் பார்த்தால் அந்த அவசரத்தின் காரணம் விளங்கும்.

இறையியலில் மாற்றுக் குரல் எழாமல் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் கர்தினால் கயேத்தான், கருவில் இறக்கும் குழந்தைக்குப் பெற்றோரின் ஆசையும் வேண்டுதலுமே திருமுழுக்கின் இடத்தை நிரப்பலாம் என்று எழுதினார். வளர்ந்தவர்களுக்குத் திருமுழுக்கை விரும்புவதே போதுமென்று திரிதெந்து பொதுச்சங்கம் 1547-இல் ஏற்றது. குழந்தைக்காகப் பெற்றோர் விரும்பக் கூடாதா என்பது நியாயமான கேள்விதான். ஆயினும் 1570-இல் உரோமையில் அச்சான கயேத்தானின் உரையிலிருந்து அந்தப் பகுதியை நீக்கும்படி திருத்தந்தை ஐந்தாம் பயஸ் ஆணையிட்டார். மறுபுறம், அகுஸ்தீனாரின் கடுமைக்குத் திரும்பிய ஜான்சனியர் 1786-இல் பிஸ்தோயா நகரச் சங்கத்தில் லிம்போவைப் பெலாஜியக் கட்டுக்கதை என்று தள்ளினார்கள். திருத்தந்தை ஆறாம் பயஸ் 1794-இல் அவர்களைக் கண்டித்தார். கவனிக்க வேண்டியது இது: லிம்போவை ஏளனம் செய்வது தவறு என்று அவர் சொன்னார், லிம்போ விசுவாசக் கோட்பாடு என்று சொல்லவில்லை. எந்தத் திருத்தந்தையும் எந்தப் பொதுச்சங்கமும் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் திருத்தந்தை பத்தாம் பயசின் மறைக்கல்வி நூல் போன்றவை அதைக் கேள்வி பதிலாகவே கற்பித்தன. கோட்பாடு ஆகாத ஒன்றைக் கோட்பாடு போலவே மக்கள் சுமந்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் திருப்பம் வந்த வழி வியப்பானது. 1951-இல்கூடத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இத்தாலியப் பேறுகால உதவியாளர்களிடம் பேசும்போது, குழந்தைக்குத் திருமுழுக்கைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்ற பொருளில்தான் பேசினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல், தூய ஆவி எல்லா மனிதருக்கும் கிறிஸ்துவின் பாஸ்கா மறைபொருளில் பங்குபெறும் வாய்ப்பை, இறைவனுக்குத் தெரிந்த வழியில் அளிக்கிறார் என்று அறிவித்தது. அதில் குழந்தைகள் என்ற சொல்லே இல்லை. ஆனால் சங்கத்துக்குப் பின் திருத்தப்பட்ட திருப்பலி நூலில், திருமுழுக்குக்குமுன் இறந்த குழந்தைக்கான அடக்கத் திருப்பலி இடம்பெற்றது. 1983-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தொகுப்பு, 1183-ஆம் பிரிவில், பெற்றோர் திருமுழுக்கு கொடுக்க எண்ணியிருந்தால் மறைமாவட்ட ஆயரின் இசைவோடு அந்தக் குழந்தைக்கு அடக்கச் சடங்கு செய்யலாம் என்றது. இறையியலார் முடிவெடுப்பதற்கு முன்பே வழிபாடு முன்னே நடந்துவிட்டது. குழந்தைக்காகச் செபிக்கிற திருச்சபை, அந்தச் செபத்துக்குப் பொருள் இல்லை என்று எப்படிச் சொல்லும்?

அதன்பின் மற்றவை தொடர்ந்தன. 1985-இல் வெளியான நேர்காணல் நூலில் கர்தினால் ராட்சிங்கர், லிம்போ ஓர் இறையியல் ஊகம் மட்டுமே, தனிப்பட்ட முறையில் அதைக் கைவிடுவேன் என்றார். 1992-இன் கத்தோலிக்க மறைக்கல்வி நூல், 1261-ஆம் பத்தியில் இந்தக் குழந்தைகளை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைத்தது. லிம்போ என்ற சொல்லையே விட்டுவிட்டது. தயக்கமும் இருந்தது. 1995-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதிய சுற்றுமடலில், கருக்கலைப்பு செய்த பெண்களிடம் அவர்களின் குழந்தை இப்போது ஆண்டவரில் வாழ்கிறது என்று கூறும் வாசகம் முதலில் வந்தது. அதிகாரபூர்வ இலத்தீன் பதிப்பில் அது, குழந்தையை நம்பிக்கையோடு தந்தையின் இரக்கத்திடம் ஒப்படைக்கலாம் என்று மாற்றப்பட்டது.

2004-இல் யோவான் பவுல் இந்தக் கேள்வியை அனைத்துலக இறையியல் ஆணைக்குழுவிடம் விட்டார். ராட்சிங்கர் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆனபின், அதன் அறிக்கையை வெளியிட 2007 ஜனவரியில் இசைந்தார்; ஏப்ரல் 20 அன்று அது வெளிவந்தது. இந்தக் குழந்தைகள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு, ஆனால் அது உறுதியான அறிவு அல்ல என்பது அதன் முடிவு. லிம்போவை ஒழித்துவிட்டார்கள் என்று அன்று பல செய்தித்தாள்கள் தலைப்பிட்டன. அது சரியல்ல. ஏற்கத்தக்க ஓர் இறையியல் கருத்தாக அது இன்னும் நிற்கலாம் என்று அறிக்கையே சொல்கிறது. ஆணைக்குழுவின் சொல் திருச்சபையின் அதிகாரபூர்வப் போதனையும் அல்ல.

எனவே ஏட்டில் கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. நடைமுறையில் சட்டம் தெளிவாக இருக்கிறது: குழந்தையை இழந்த கத்தோலிக்கப் பெற்றோர் அதற்குத் திருப்பலியோடு கூடிய அடக்கம் கேட்கலாம். இது பலருக்கு இன்றும் தெரியாது. குழந்தையைத் தனியே, சடங்கின்றிப் புதைக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போது, 1183-ஆம் பிரிவைப் பங்குக்குருக்களே முன்வந்து அந்தக் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.