தங்கவயல் தந்த சட்டம்: கோலார் சுரங்கமும் தொழிலாளர் பாதுகாப்பும்

முன்னுரை

சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் எப்படி வந்தது என்று கேட்டால், பலரும் வங்காளம், ஜாரியா என்று நிலக்கரி வயல்களைத்தான் காட்டுவார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் பிறப்பில் தமிழ் பேசும் ஒரு சுரங்க நகரத்துக்கும் பங்கு உண்டு. அதுதான் கோலார் தங்கவயல். வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்களாகிய நாம் இந்த வரலாற்றைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம். ஏனென்றால் அதன் கடைசி அத்தியாயம் இன்னும் முடியவில்லை.

நம் மக்கள் வந்த கதை

1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் கால் வைத்தது. மைசூர் சுரங்கம், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கங்கள் பெருகின. பாறையை உடைக்கவும் தாதுவைத் தள்ளவும் ஆள் வேண்டும். வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்து லைன் வீடுகளில் தங்கினார்கள். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். ஊரில் நிலமும் கிடையாது, மதிப்பும் கிடையாது. இங்கே கூலியாவது கைக்கு வரும் என்பதுதான் நம்பிக்கை. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. சுரங்கம் மேலும் மேலும் ஆழம் போனது. சாம்பியன் ரீஃப் கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையே கொதிக்கும்.

52 உயிர்களும் ஒரு சட்டமும்

1894இல் ஜேம்ஸ் கிரண்டி என்பவர் இந்தியாவின் முதல் சுரங்க ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். விதிகளை எழுதும் பேச்சு அப்போதே தொடங்கியது, ஆனால் சட்டம் வரவில்லை. 1897இல் கோலார் தங்கவயலில் நடந்த விபத்தில் 52 பேர் மாண்டார்கள். 1899இல் பலுசிஸ்தானின் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. 1901இல் இந்தியச் சுரங்கச் சட்டம் நிறைவேறியது. 1902 ஜனவரி 7ஆம் நாள் கல்கத்தாவில் சுரங்க ஆய்வு அலுவலகம் திறக்கப்பட்டது. 1908இல் தன்பாத்துக்கு மாறிய அந்த அலுவலகம்தான் இன்றைய சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் மூலம்.

இதில் ஒரு வேதனையைக் கவனிக்க வேண்டும். 1901ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும்தான். தங்கவயலோ மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. சட்டம் வரக் காரணமான சாவுகளில் 52 இந்த ஊரில் விழுந்தவை. அந்தச் சட்டம் மட்டும் இந்த ஊருக்கு வரவில்லை. மைசூர் அரசு 1906இல் தனியாக ஒரு சுரங்கச் சட்டம் போட்டுக்கொண்டது. கும்பினிகளின் பெரிய கவலை தங்கம் திருடு போகக்கூடாது என்பதுதான். 1930இல் தொழிலாளிகள் அனைவரும் கைரேகை பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, தங்கவயல் முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது.

கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து

தங்கவயலின் பேர்போன ஆபத்து பாறை வெடிப்பு. 1898இல் ஊரிகம் சுரங்கத்திலேயே இது பதிவாகிவிட்டது. தாதுவை எடுத்த பிறகு உள்ளே வெற்றிடம் விழுகிறது. மேலே உள்ள மலைபோன்ற பாரம் முழுவதும் மிச்சமிருக்கும் பாறைமீது இறங்குகிறது. மூங்கிலை வளைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடியும் அல்லவா? பாறையும் அப்படித்தான் வெடித்துச் சிதறும். முன்னறிவிப்பு கிடையாது.

இதற்கு வழி தேடினார்கள். மரத்தாங்கிகளுக்குப் பதிலாகக் கருங்கல் சுவர் கட்டி வெற்றிடத்தைத் தாங்கச் செய்தார்கள். வெட்டும் வரிசையை மாற்றிப் பார்த்தார்கள். 1978இல் பூமிக்குள் எழும் அதிர்வைப் பதிவுசெய்யும் கருவிகளின் வலை அமைக்கப்பட்டது. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே நிறுவப்பட்டது. இன்று அணைக்கட்டுக்கும் மலைக்குடைவுப் பாதைக்கும் ஆலோசனை சொல்லும் அந்த அறிவு, நம்ம ஆளுங்க உயிரைக் கொடுத்துச் சேர்த்த அறிவு என்று சொன்னால் மிகையில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

பாறை வெடித்தால் சங்கு ஊதும், கூட்டம் கூடும், விசாரணை நடக்கும். தூசுக்குச் சங்கு கிடையாது. தங்கம் படிந்திருப்பது வெண்கல் பாறையில். அதைத் துளைக்கும்போது பறக்கும் சிலிக்காத் துகள் கண்ணுக்கே தெரியாத அளவு நுண்மையானது. அது நுரையீரலில் தங்கித் தழும்பாக்கிவிடும். மூச்சு வாங்கும், இருமல் வரும், உடம்பு இளைக்கும். பார்ப்பதற்குக் காசநோய் போலவே இருக்கும். இதுதான் சிலிக்கோசிஸ். தழும்பான நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து கிடையாது.

1940இல் மைசூர் அரசு சிலிக்கோசிஸ் விதிகளைக் கொண்டுவந்தது. அதாவது முதல் சுரங்கச் சட்டத்துக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து. 1940 முதல் 1946 வரை தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தார்கள். அவர்களில் 43.7 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்ததாக 1947இல் காப்லான், பர்டன் இருவரும் வெளியிட்டார்கள். பத்துப் பேரில் நாலு பேருக்கு மேல்! எந்த ஒரு பாறை வெடிப்பும் இத்தனை பேரைத் தொட்டதில்லை. ஈரத் துளைப்பும் காற்றோட்டமும் எவ்வளவு அவசியம் என்பதை இந்த எண்ணிக்கையே சொல்லும். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்கீழ் சிலிக்கோசிஸ், அரசுக்கு அறிவித்தே ஆகவேண்டிய நோயானது. 1955ஆம் ஆண்டு விதிகள் குறிப்பிட்ட கால இடைவெளியில் மருத்துவப் பரிசோதனையையும் கட்டாயமாக்கின.

கதவு மூடிய பிறகு

சுரங்கங்கள் 1956இல் மைசூர் மாநில அரசிடமும், 1962இல் மத்திய அரசிடமும் வந்தன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் உருவானது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கவயல் மக்கள் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள்.

சட்டத்தின் ஓட்டை இங்கேதான் தெரிகிறது. பரிசோதனை என்பது வேலையில் இருப்பவருக்கு. சிலிக்கோசிஸ் வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். சுரங்கமே இல்லாதபோது யார் பரிசோதிப்பது, யார் அறிவிப்பது? 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, பழைய சுரங்கச் சட்டத்தையும் தொழிற்சாலைச் சட்டத்தையும் தனக்குள் அடக்கிக்கொண்டது. ஆண்டுதோறும் இலவசப் பரிசோதனைக்கு அது இடம் தருகிறது. நல்லதுதான். ஆனால் அதுவும் இன்று வேலையில் இருப்பவர்களுக்கே.

முடிவுரை

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நமது பாதுகாப்புச் சட்டங்களின் வரலாறு பெரும்பாலும் அப்படித்தான். ஒரே நாளில் 52 பேர் செத்தால் சட்டம் நாலு வருஷத்தில் வருகிறது. ஆயிரக்கணக்கானோர் ஒவ்வொருவராக இருமிச் செத்தால் நாற்பது வருஷம் ஆகிறது. எண்ணிக் காட்டாத சாவு சட்டத்தின் கண்ணுக்குப் படுவதில்லை.

ஆகவே நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தங்கவயலில் வேலை பார்த்த தாத்தாவோ அப்பாவோ வீட்டில் இருந்தால், அவருடைய பணிச் சான்றிதழையும் பழைய எக்ஸ்ரே படத்தையும் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். டாக்டரிடம் போகும்போது, “இவர் சுரங்கத்தில் இத்தனை வருஷம் வேலை செய்தவர்” என்பதை முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் காசநோய் என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. இன்று கிரானைட் அறுக்கும் பட்டறையிலும் கட்டட வேலையிலும் இருக்கிற நம் பிள்ளைகளுக்கும் இதே தூசுதான். கல்லை நனைக்காமல் அறுக்கச் சொன்னால் அறுக்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவையுங்கள். தங்கவயல் நமக்கு விட்டுப்போன பாடம் இதுதான்.