பசந்தர் ஆற்றங்கரையில்

வீரர் வரலாறு என்றதும் நம் நினைவு புறநானூற்றையே நாடிச் செல்லும். வாளும் வேலுமேந்திய காலத்தோடு வீரம் மடிந்ததென்றும், இயந்திரப் போரில் அதற்கு இடமில்லையென்றும் கருதுவார் நம்மிடையே உளர். அவர்க்கு விடையாக 1971ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆந் திகதி நிகழ்ந்த ஒன்றையே நாம் எடுத்துக்காட்டுவோம்.

இந்திய பாகிஸ்தான் போரின் மேற்கு முனையில், ஷக்கர்கர் பகுதியிலே, பசந்தர் என்னும் ஆறு ஓடுகின்றது. இந்தியக் காலாட்படை அதனைக் கடந்து அக்கரையில் இடம்பிடித்தது. எனினும், டாங்கிகள் துணைக்கு வாராவிடின் அவ்விடத்தில் நிலைத்தல் அரிது. இடைநிலமோ கண்ணிவெடிகள் நிறைந்தது. வழி முற்றாகத் திறக்கப்படுமுன்னரே, 17ஆம் பூனா குதிரைப்படையின் டாங்கிகள் அந்நிலத்தினூடே சென்றன. (பெயர்தான் குதிரைப்படை, அப்போது அதிலிருந்தவை செஞ்சூரியன் டாங்கிகள்.) அவற்றுள் ஒன்றிலிருந்தவன் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால். வயது 21. அதிகாரியாகி ஏறத்தாழ ஆறு மாதம். நாம் பரீட்சைப் பெறுபேற்றை எண்ணி உறக்கமிழக்கும் வயது அது!

பாகிஸ்தானின் பாற்றன் டாங்கிகள் எதிர்த்துத் தாக்கியபோது, நெருக்குண்ட பிரிவொன்று உதவி கோரிற்று. அருண் விரைந்தான். அப்போரில் பகைவரின் டாங்கிகள் பத்து அழிந்தன என்றும், நான்கினை அழித்தவன் அருணே என்றும் கூறுவர். அவனுடைய 'பமகுஸ்தா' டாங்கியும் அடிபட்டுத் தீப்பற்றியது. விட்டிறங்குமாறு மேலதிகாரி வானொலியிற் பணித்தார். பீரங்கி இன்னும் இயங்குகின்றது, இறங்கேன் என்று மறுத்தான்.

கட்டளையை மறுத்தல் போர்வீரனுக்கு அழகா என நம் இளைஞர் வினவலாம். வினவத்தக்கதே. ஆயினும், அப்பணிப்பு அவன் உயிரைக் காக்க எழுந்ததென்பதை மறத்தலாகாது. அவன் விலகியிருப்பின் பகைவர் அவ்வழியே ஊடறுத்திருப்பர். தன் உயிருக்கென அளிக்கப்பட்ட சலுகையையே அவன் ஏற்க மறுத்தான், கடமையை மறுத்தானல்லன். மீண்டுமொரு குண்டு டாங்கியைத் தாக்க, அதனுள்ளேயே மாண்டான். அன்றே டாக்காவிற் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மறுநாள் மேற்கிலும் போர் நின்றது. ஒரே நாள் தாழ்த்திருந்தால்! இவ்வெண்ணம் நம்மை விட்டகல மறுக்கின்றது. இந்தியா அவனுக்குத் தன் மிக உயர்ந்த போர்க்கள வீர விருதாகிய பரம வீர சக்கரத்தை அளித்தது.

களத்திற் சென்று மகனின் உடலைத் தேடி, அது சிதைந்து கிடத்தல் கண்டு உவந்த முதியவளைப் புறநானூறு பாடும். அருணின் தந்தைக்கு வாய்த்ததோ வேறு. தாமும் படையிற் பிரிகேடியராய் இருந்த அவர், 2001ஆம் ஆண்டில், தமது 81ஆம் வயதில், பிறந்த ஊராகிய சர்கோதாவைக் காணப் பாகிஸ்தான் சென்றார். லாகூரில் அவரைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணியவர் பிரிகேடியர் நாசர். குறையேதுமில்லா உபசாரம். ஊர் திரும்புதற்கு முந்திய இரவிலேதான் அவர் தம் விருந்தினரிடம் வாய்திறந்தார்: பசந்தர்க் களத்தில் அருணை எதிர்நின்று வீழ்த்தியவர் தாமே என்றும், அவ்விளைஞனின் உறுதியாலேயே அன்று தம் படை தடைப்பட்டது என்றும்.

அதுவரை அம்முதியவர் அதனை அறிந்திருக்கவில்லை.