மூன்று புள்ளிகள்

நாஞ்சில்நாட்டுக் களத்தில் கூலிநெல்லைக் குறைத்து அளந்தவரிடம் எங்க பாட்டா கேட்டது: “என்ன மயித்துக்குவே இந்த அளவு?” அப்படியே எழுதினேன்.

“அந்த இடத்துல மூணு புள்ளி போட்டிருவோம்” என்றார் ஆசிரியர்.

“வள்ளுவர் 969ஆம் குறளில் அதே மயிரைத்தானே எழுதினார்? அதுவும் ‘மானம்’ அதிகாரத்தில்!”

“அங்கே அது கவரிமாவின் ரோமம். இங்கே வசவு. நன்னூல் இடக்கரடக்கல் சொல்லுதே!”

நியாயம்தான். அவைக்கு ஆகாததை மறைத்துச் சொல்லத் தொல்காப்பியமும் சொல்கிறது. ஆனால் அது பேசுகிறவன் தானாகக் காட்டும் அடக்கம். பாட்டா அடங்கிப் பேசவில்லை. அவரிடம் நிலமில்லை, மரக்காலும் இல்லை. எதிர்த்துக் கேட்க அந்த ஒரு சொல்தான் இருந்தது. அதை நான் எடுத்துவிட்டால் அன்று களத்தில் சண்டையே நடக்கவில்லை என்றாகிவிடும்.

கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.