இரண்டு குதிரைக்கு வந்த சோதனை

‘தெ ஷெவோ’ என்றால் இரண்டு குதிரை என்று எங்கள் பிரெஞ்சு வாத்தியார் சொன்னபோது வகுப்பே சிரித்தது. 1948ல் சித்ரோயன் கம்பெனி கொண்டுவந்த குடியானவர் கார் அது.

2016 ஜூலை 1 முதல் பாரிசில் அதற்குச் சோதனை. 1997க்கு முன் பதிவான கார்கள் வாரநாட்களில் காலை 8 முதல் இரவு 8 வரை நகருக்குள் வரக்கூடாது என்று அப்போது விதித்தார்கள், புகை காரணம்.

பழைய வாகனக்காரர்களுக்கு அங்கே 1967 முதல் ஒரு தேசியச் சம்மேளனம் உண்டு. நகரசபை, அமைச்சகம், தெப்யுத்தேக்கள் என்று படியேறினார்கள். இவை சொற்பம், ஓடுவதும் அபூர்வம், நாட்டின் பாரம்பரியச் சொத்து என்பது வாதம். பலித்தது. 30 வயது தாண்டி, ‘கொலெக்சியோன்’ என்று குறித்த கார்த் கிரீஸ், அதாவது நம் ஆர்.சி. புத்தகம், இருந்தால் தடையில்லை என்று ஆனது. அதற்கு வேண்டிய சான்றிதழைத் தருவதும் அதே சம்மேளனம்தான்!

கோப்பு பார்த்த கண்ணுக்கு ஒன்று உறுத்துகிறது. ஞாயிறுதோறும் துடைத்து மினுக்கிய 1960ஆம் வருஷத்துக் கார் அன்று திங்களன்றும் போக முடிந்தது. 1992ஆம் வருஷத்து ரெனோவில் வேலைக்குப் போனவர் வெளியே நிற்கவேண்டியிருந்தது.

நம் நாட்டில் 2021 விதிப்படி 50 வயது ஆகவேண்டும். புதிதாய்ப் பதிய 20,000 ரூபாய், ‘விஏ’ எழுத்துள்ள எண். கண்காட்சிக்கும் ராலிக்கும் எடுக்கலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுக்கலாம். தினமும் மார்க்கெட்டுக்கு எடுத்துப்போக முடியாது.