தங்க வயலும் நெருக்கடிக் காலமும்

தாய்நிலத்தை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்குக் கோலார் தங்க வயல் புதிய பெயரன்று. பங்காரப்பேட்டையில் இறங்கி மாரிக்குப்பம் செல்லும் ரயிலில் ஏறினால், கோரமண்டல், ஊரிகம், சாம்பியன் என ஒவ்வொரு நிலையத்திலும் தமிழ் காதில் விழும். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற உழைப்பாளர், 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் நடத்திய சுரங்கங்களில் இறங்கி, தலைமுறை தலைமுறையாக அங்கேயே வேரூன்றினர். அவர்கள் தோண்டிய தங்கத்தின் கதையைப் பலர் சொல்லியிருக்கின்றனர். இங்கு நாம் எண்ணிப் பார்க்க விழைவது வேறொன்று. நாட்டுக்கு நெருக்கடி நேர்ந்தபோது அரசு எடுத்துக்கொண்ட தனி அதிகாரங்கள், அந்தத் தங்கத்தையும் அதைத் தொட்டுப் பிழைத்த எளியவர்களையும் எவ்வாறு பற்றின என்பதே அது.

அரசாணைகளை மொழிபெயர்க்கும் தொழிலில் இருக்கிறோம். அத்தொழிலில் அடிக்கடி எதிர்ப்படும் சொற்றொடர் ஒன்று உண்டு: "மறு உத்தரவு வரும் வரை". ஓர் ஆணை எந்நாளில் நடைமுறைக்கு வருகிறது என்பது தேதியோடு எழுதப்பட்டிருக்கும். எந்நாளில் ஓயும் என்ற கேள்விக்கோ பெரும்பாலும் இச்சொற்றொடரே விடையாக நிற்கும். நாம் சொல்லப் போகும் வரலாறு ஒருவகையில் இச்சொற்றொடரின் வரலாறே ஆகும்.

நெருக்கடியில் அரசுக்குத் தனி அதிகாரம் எதற்கு என்பதைத் தங்க வயல் வாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கொண்டது. அங்கே நீர் இறைக்கும் இயந்திரமும், காற்றுச் செலுத்தும் விசிறியும், ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டும் ஒரு பொழுதும் ஓயலாகாது. 1902ஆம் ஆண்டிலேயே காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து, மின்சாரம் கொண்டுவரப்பட்டதன் பயன் அதுதான். மேலே என்ன குழப்பம் நேர்ந்தாலும் கீழே இயந்திரம் ஓட வேண்டும். நாட்டின் ஆட்சியும் அத்தகையதே. போர் மூண்டாலும் ரயில் ஓட வேண்டும், தபால் போக வேண்டும், சம்பளம் கிடைக்க வேண்டும், நியாய மன்றம் திறந்திருக்க வேண்டும். இதனைக் கருதியே நம் அரசியல் சட்டத்தை வகுத்தோர் 352ஆம் பிரிவு முதலான நெருக்கடிப் பிரிவுகளை அமைத்தனர்.

ஆயினும், அதிகாரத்தின் மறுபக்கத்தையும் அவ்வூர் முன்னமே கண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மைசூர் அரசு இயற்றிய சுரங்கச் சட்டம், தங்கம் கலந்த பொருளைத் தக்க காரணம் காட்டாமல் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. தங்கத்தைத் தோண்டுபவன் கையில் தங்கம் இருந்தால் அவன் ஐயத்துக்குரியவன் என்பது அவ்வூர் நியதி. 1930ஆம் ஆண்டு, தொழிலாளர் அனைவரும் கைரேகை கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்ற ஏற்பாடு வந்தது. குற்றவாளியிடம் வாங்குவதை எம்மிடம் ஏன் வாங்குகிறீர்கள் என்று அவர்கள் கொதித்தெழுந்தனர். ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கங்களில் வேலை நின்றது. அப்போது எந்தப் போரும் இல்லை. எனினும், பாதுகாப்பின் பெயரால் சாதாரண மனிதனை ஐயுறும் முறை எவ்வாறிருக்கும் என்பதை அந்த ஊர் அன்றே அறிந்துகொண்டது. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் நாடு முழுவதும் அறிந்தது.

1962 அக்டோபர் 20ஆம் நாள் சீனப் படை நம் எல்லையைக் கடந்து தாக்கியது. அக்டோபர் 26ஆம் நாள் குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்தார். குடியரசு கண்ட முதல் நெருக்கடி நிலை அது. அன்றே இந்தியப் பாதுகாப்பு அவசரச் சட்டமும் பிறந்தது. நவம்பர் 3ஆம் நாள் முதலாளிகளும் தொழிற்சங்கத்தாரும் கூடி, நெருக்கடி தீரும் வரை வேலை நிறுத்தமும் கதவடைப்பும் இல்லை என உறுதி பூண்டனர். பாதுகாப்பு நிதிக்குத் தாய்மார்கள் தங்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தனர். அந்த நாட்களின் மன எழுச்சி மெய்யானது. அதனை நாம் குறைத்துப் பேசுதல் தகாது.

இவ்வேளையில்தான் கோலார் சுரங்கங்களும் கைமாறின. 1956ஆம் ஆண்டின் இறுதியில் மைசூர் அரசு கம்பெனியாரிடமிருந்து அவற்றை ஏற்று நாட்டுடைமையாக்கியிருந்தது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்து, 1962 டிசம்பர் 1ஆம் நாள், அவை மத்திய அரசின் நிதி அமைச்சகத்தின் கீழ் வந்தன. தொழில் துறையை விட்டு நிதித் துறையிடம் சென்றதில் பொருள் உண்டு. அந்நியச் செலாவணி வறண்டிருந்த அந்நாளில், தங்கம் நாட்டின் கடைசிக் கையிருப்பு. ஆனால் நம் சுரங்கங்கள் ஆண்டொன்றுக்குத் தந்தது ஏறத்தாழ 5 டன்னே. மக்களிடம் உறங்கிய தங்கமோ அதனினும் பன்மடங்கு. கள்ளத்தனமாகக் கடல் வழி வந்ததும் மிகுதி.

ஆகவே அரசின் பார்வை மக்களின் பெட்டியை நோக்கித் திரும்பியது. தங்கத்தைக் கொடுத்து, ஆறரை சதவீத வட்டியில் 1977இல் முதிரும் பத்திரம் பெறலாம் என்றனர். பத்துக் கிராமுக்குக் கணக்கிட்ட விலை ரூபாய் 53.58, கடைவீதியில் அதன் விலை ஏறத்தாழ இருமடங்கு. எதிர்பார்த்த அளவு தங்கம் வரவில்லை. 1963 ஜனவரியில், நிதி அமைச்சர் மொரார்ஜி தேசாயின் காலத்தில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் பகுதியாகத் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் பிறந்தன. 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்யக் கூடாது; நகையல்லாத தங்கத்தைக் கணக்குக் காட்ட வேண்டும் என்றாயிற்று. தங்க வயலின் பழைய நியதி நாட்டின் சட்டமாகிவிட்டது.

அடி விழுந்தது யார் மீது? கள்ளக் கடத்தல்காரன் மறைவிடம் அறிந்தவன். பட்டறையில் அமர்ந்து ஊதுகுழல் ஊதும் பொற்கொல்லனுக்கோ மறைவிடம் கிடையாது. இருபத்திரண்டு காரட்டில் தாலி செய்து பழகிய கை, திடீரென்று வேலையற்றுப் போயிற்று. பலர் வறுமை தாளாமல் உயிரை மாய்த்துக் கொண்டனர். மறுவாழ்வுக்குக் கடனும் பயிற்சியும் தரப்பட்டன. தலைமுறைத் தொழிலை இழந்தவனுக்கு அவை ஈடாகவில்லை. 1966இல் 14 காரட் கட்டுப்பாடு கைவிடப்பட்டது. அதற்குள் பல பட்டறைகளில் உமியோடு குடும்பமும் அவிந்துவிட்டது.

இனிக் கால அளவைக் காண்போம். சீனர் தாமாகவே போரை நிறுத்தியது 1962 நவம்பர் 21ஆம் நாள். நெருக்கடி நிலை நீக்கப்பட்டது 1968 ஜனவரி 10ஆம் நாள். ஒரு மாதப் போருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட நெருக்கடி! தங்கக் கட்டுப்பாடோ அதனோடும் போகவில்லை. 1965இலும் பின்னர் 1968இலும் நாடாளுமன்றச் சட்டமாக உருமாறி, அதன் சில பிரிவுகளை 1969இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்ற பின்னும் நிலைத்து, 1990ஆம் ஆண்டில்தான் அகன்றது. போர்க்காலத்தில் பிறந்த குழந்தை இருபத்தேழு வயது வாழ்ந்தது.

தீமை அதிகாரத்தின் பிறப்பில் இல்லை; முடிவுநாள் எழுதப்படாமையில் இருந்தது. 1971 டிசம்பரில் போருக்காகப் பிரகடனம் செய்த நெருக்கடி நிலையும் போர் முடிந்த பின் நீடித்தது. அது நீங்கும் முன்பே 1975 ஜூன் 25ஆம் நாள் உள்நாட்டுக் குழப்பம் என்ற பெயரில் இன்னொன்று வந்தது. 1977 மார்ச்சில்தான் இரண்டும் நீங்கின. பட்டறிவு பெற்ற நாடாளுமன்றம் 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்தால் கடிவாளம் பூட்டியது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வேண்டும். ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் தனிப் பெரும்பான்மையோடு ஒப்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் ஒப்ப வேண்டும். உயிர், உடல் உரிமை காக்கும் 21ஆம் பிரிவை நெருக்கடியிலும் நிறுத்தி வைக்கலாகாது. "மறு உத்தரவு வரும் வரை" என்றிருந்த இடத்தில் ஒரு தேதி எழுதப்பட்டது.

கோலார் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. இறைக்கும் இயந்திரங்கள் நின்றன. ஆழத்தில் நீர் நிரம்பிற்று. நாட்டின் நெருக்கடிக்குத் தங்கம் தந்த ஊருக்கு நெருக்கடி வந்தபோது அதனை எவரும் பிரகடனம் செய்யவில்லை. அவ்வூர்ப் பிள்ளைகள் இன்று விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறங்கியவர் எத்தனை பேர் என்று எண்ணுவது போலவே, ஏறி வந்தவர் எத்தனை பேர் என்றும் எண்ணுவார்கள். கணக்கு ஒத்தால்தான் அன்றைய வேலை முடிந்ததாகப் பொருள். வேற்று மாநிலங்களில், வேற்று மொழி ஆணைகளின் கீழ் வாழும் நாமும் இப்பழக்கத்தைக் கைக்கொள்வது நன்று. ஆணை எதுவாயினும் தொடங்கும் நாளைப் படிப்பதோடு நில்லாமல், முடியும் நாள் எங்கே எழுதியிருக்கிறது என்றும் தேடிப் படிப்போமாக.